வலை இழுக்கிற கைக்கு ஒரு புல்-அப் ஏன் வரவில்லை?

கேள்வி, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், 2025 பிப்ரவரி 9

அண்ணே, வயது 20, எடை 68 கிலோ. பத்தாவது படித்த காலத்திலிருந்து அப்பாவோடு கரைவலைக்குப் போகிறேன். கைவலுவில் என் வயதுப் பையன்கள் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஆனால் பீம் அடிக்க, அதாவது கம்பியில் தொங்கித் தாடை மேலே வருகிற வரை உடம்பைத் தூக்குகிற புல்-அப்புக்கு, தொங்கினால் ஒன்றுகூட வரவில்லை, முழங்கை மடங்கவே மாட்டேன் என்கிறது. வலைப் பக்கமே வராத ஒல்லிப் பையன் ஒருவன் எட்டு அடிக்கிறான். எனக்கு ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போக வேண்டும். நான் இதற்கு ஆகாதவனா?

பிப்ரவரி 9, இரவு

ஆகாதவன் இல்லை தம்பி. எனக்கும் இதே கதைதான், அதனால் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். நான் பாம்பன்காரன், பன்னிரண்டு வருடம் அப்பாவோடு நாட்டுப்படகில் போனவன். 33 வயதில் முதன்முதலாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது உடம்பு ஓர் அங்குலம்கூட மேலே நகரவில்லை.

கரைவலை இழுக்கும்போது உன் கை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார். கயிறு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும். முழங்கை முக்கால்வாசி நீட்டியபடிதான். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, எல்லாரும் ஒரே தாளத்தில் பின்பக்கமாக நடக்கிறோம். வேலை பார்ப்பது தொடையும் இடுப்பும் கீழ்முதுகும். கை கொக்கி மாதிரி கயிற்றைக் கவ்விக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். புல்-அப்பில் கை தலைக்கு மேலே இருக்கிறது, அங்கிருந்து முழங்கையை விலாவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்கிற பெரிய தசை அக்குளுக்குக் கீழே தொடங்கி, முதுகின் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்து இடுப்பு வரை இறங்கும். ஜிம்மில் லாட்ஸ் என்பார்கள். வலையில் அந்தத் தசைக்கு அந்த நிலையில் வேலையே கிடைப்பதில்லை.

அந்த ஒல்லிப் பையன் எடை என்ன என்று ஒரு தடவை கேள். 52, 53 இருப்பான். நீ தூக்குவதும் அவன் தூக்குவதும் ஒரே சுமை இல்லை.

பிப்ரவரி 10

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் மேலே ஏறப் பார்க்காதே.

ஒன்று, சும்மா தொங்குவது. கம்பியை முழு விரலாலும் பிடித்து, கால் தரையில் படாமல் 20 நொடி. நான்கு தடவை. உனக்கு வலைக்கை, பிடி சீக்கிரம் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது தோள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தொங்கும்போது தோள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். முழங்கையைக் கொஞ்சமும் மடக்காமல் தோளை மட்டும் காதிலிருந்து கீழே இறக்கு. சரியாகச் செய்தால் உடம்பு இரண்டு அங்குலம் மேலே வரும், கழுத்து நீளும், முதுகுக்கு நடுவில் இரண்டு பலகை எலும்பும் நெருங்குவது தெரியும். புல்-அப் அங்கேதான் தொடங்குகிறது. நான் ஆறு மாதம் வராமல் கிடந்ததற்குக் காரணம் இதுதான்: தோள் காதில் இருக்கும்போதே முழங்கையை மடக்கப் பார்த்தேன். வாசற்கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், தாழ்ப்பாளைத் தொடவில்லை.

மூன்றாவது இறக்கம். ஸ்டூல் மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கிற மாதிரி நின்று, காலை எடுத்துவிட்டு, ஐந்து நொடி எண்ணி மெதுவாக இறங்கு. நெகட்டிவ் என்று சொல்வார்கள். தூக்க முடியாத எடையைக்கூட இறக்கும்போது தசையால் தாங்க முடியும். படகை மேட்டில் ஏற்ற பத்துப் பேர் வேண்டும், இறக்கும்போது நான்கு பேர் பிடித்துக்கொண்டால் போதும், அது மாதிரி. தினமும் ஐந்து இறக்கம் செய்.

நம் ஊர்ப் பனையேறிகளைப் பார், இதெல்லாம் படித்தா ஏறுகிறார்கள்? கை இழுவையிலேயே ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குகிறார்கள். உடம்பு பழகினால் எல்லாம் வரும்.

பிப்ரவரி 12

கம்பி பற்றிக் கேட்டிருக்கிறாய். ஹார்டுவேர் கடையில் ஒரு இன்ச் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், கேள். ஒரு இன்ச் என்பது உள்ளளவுக் கணக்கு, வெளியே சுமார் 33 மில்லிமீட்டர் வரும், கைக்கு அது சரி. ஒன்றரை இன்ச் வாங்கிவிடாதே, விரல் சுற்றாது. உப்புக்காற்றில் ஜிஐ பைப்கூட அறுத்த முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் முதலில் துருப் பிடிக்கும். அந்த இடங்களுக்குப் படகுக்கு அடிக்கிற பிரைமர் கொஞ்சம் பூசு, பிடிக்கிற இடத்தில் பெயின்ட் வேண்டாம், வழுக்கும்.

சைக்கிள் டியூப் சுற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சுற்றலாம், ஆனால் கம்பி தடிமனாகிவிடும், வியர்வையில் டியூப் உருளும். நான் சுற்றி, கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 23

பனையேறி பற்றி நான் எழுதியது தவறு. சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர், தகப்பனார் பனையேறி, பொறுமையாக விளக்கியிருக்கிறார். பாதத்தில் தளைநார் போட்டு, இரண்டு காலையும் மரத்தில் கவ்வி, மரத்தை மார்போடு கட்டிக்கொண்டு, காலால் உந்தி எழும்புகிறார்கள். கை மரத்தை அணைத்துப் பிடிக்கிறது, உடம்பைத் தூக்குவது கால். "அப்பா நெஞ்சில் இருக்கிற காய்ப்பைப் பார்த்தால் தெரியும் அண்ணே, கையில் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் பனைமரத்தைப் பார்த்தே வளர்ந்தும் ஏறுகிறவர் காலைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஆக, கரைவலைக்குச் சொன்னதுதான் பனைக்கும். ஒவ்வொரு வேலையும் அந்த வேலைக்கான வலுவைத்தான் தருகிறது.

மார்ச் 8

தம்பி, முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது, கயிறு பிடித்து முறுக்கும்போது சுருக்கென்கிறது என்று எழுதியிருக்கிறாய். உடனே இறக்கத்தை நிறுத்து. இது என் தவறு. பிப்ரவரி 10-ல் "தினமும்" என்று எழுதினேன், அதை எழுதியிருக்கக் கூடாது. அதுவும் காலையில் வலை இழுத்துவிட்டு மாலையில் செய்கிறவனுக்கு!

எனக்கே நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முதல் வருடம் மூன்று வாரம் விடாமல் தினமும் பத்துப் பத்து இறக்கம் செய்தேன். உள்பக்க எலும்புமுனையில், விரல் வைத்தால் ஒரே ஒரு புள்ளியில், வலி. மணிக்கட்டை உள்ளே மடக்குகிற தசைகளெல்லாம் அந்த முனையில்தான் தசைநாராக வந்து ஒட்டுகின்றன. தசை சீக்கிரம் தேறிவிடும், தசைநார் மெதுவாகத்தான் தேறும், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. நான் வலியோடே தொடர்ந்தேன். ஒரு நாள் காலையில் டீ டம்ளரைத் தூக்க முடியாமல் கீழே வைத்தேன். சரியாக ஐந்து மாதம் ஆனது.

இனி இப்படிச் செய். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. வலைக்குப் போகிற நாளில் தொங்குவதும் தோள் இறக்குவதும் மட்டும். இறக்கம் ஒரு நாளைக்கு மூன்றுதான், மூன்றாவதில் கை நடுங்கத் தொடங்கினால் அதோடு சரி. வலி போகிற வரை உள்ளங்கை உன் முகத்தைப் பார்க்கிற பிடியும் வேண்டாம். அந்தப் பிடியில் புஜத்துக்கு வேலை கூடுவதால் முதல் புல்-அப் அதில்தான் சுலபமாக வரும், ஆனால் நேர்க்கம்பியில் முழங்கையைக் கொஞ்சம் முறுக்கும்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டு. எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொல்லி யாரிடமும் கையைக் கொடுக்காதே.

மார்ச் 9

நேற்று எழுதாமல் விட்டது, இது முக்கியம். பழக்கமில்லாத உடம்பில் ஒரே நாளில் அளவுக்கு மீறி இறக்கம் செய்தால் தசை உடைந்து அதில் இருக்கிற பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கை வீங்கி, மடக்க முடியாமல், சிறுநீர் கடும் டீ நிறத்தில் போனால் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை. நம் கடற்கரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். "நண்பன் நூறு அடிக்கச் சொல்லிப் பந்தயம் கட்டினான்" என்று யாராவது சொன்னால் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடு.

மார்ச் 30

வலி போய்விட்டது என்ற செய்தி பெரிய நிம்மதி. இப்போது அடுத்த கட்டம்.

கடையில் ரப்பர் பேண்ட் விற்கிறார்கள், ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டுமா என்று கேட்கிறாய். பேண்ட் கெட்டது இல்லை. ஆனால் அது எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கேதான் அதிகம் தூக்கிவிடும், அதாவது நீ அடியில் தொங்கும்போது. மேலே போகப் போக உதவி குறையும். உனக்குக் குறை அடியில்தான் இருக்கிறது, அந்த இடத்தையே பேண்ட் செய்து கொடுத்துவிட்டால் நீ என்ன கற்றுக்கொள்வாய்?

உங்கள் வீட்டில் கப்பி இருக்கும். படகில் கழற்றிப் போட்டது ஒன்றைத் தேடி எடு. கம்பிக்குப் பக்கத்தில் அதே உத்தரத்தில் கப்பியைக் கட்டு. கயிற்றின் ஒரு முனையில் முழங்காலை வைக்கிற மாதிரி அகலமான வளையம், பழைய சாக்கை மடித்துத் தைத்தது போதும். மறு முனையில் மணல் மூட்டை. மூட்டை 20 கிலோ என்றால் நீ 68 போய் 48 ஆகிவிடுகிறாய், அடியிலிருந்து உச்சி வரை அதே 48. பத்து நாள் கழித்து மூட்டையிலிருந்து கொஞ்சம் மணலைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

கவனம்: நீ அடியில் தொங்கும்போது மூட்டை உயரத்தில் இருக்கும். முழங்கால் வளையத்திலிருந்து நழுவினால் அது அப்படியே விழும். கீழே சின்னப் பிள்ளைகள் வராமல் பார்த்துக்கொள், மூட்டைக்கு அடியில் பழைய டயர் ஒன்றைப் போட்டு வை. கப்பிக்கு எண்ணெய் விடு. துருப்பிடித்த கப்பி ஏறும்போது உதவியைத் தின்றுவிடும்.

ஐந்து ஐந்தாக மூன்று செட், இடையில் மூன்று நிமிடம் உட்கார். ஐந்தாவது வரும்போது "இன்னும் ஒன்று முடியும்" என்ற நிலையிலேயே இறங்கிவிடு.

ஏப்ரல் 7

நேற்று புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். ஊரே தீவுப் பக்கம்தான். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு முழுசாகச் செங்குத்தாக மேலே போகிறது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு கைகள் விரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், இது வேறு அழகு. அத்தனை டன் இரும்பை மோட்டார் மட்டும் தூக்குவதில்லை, இரண்டு பக்கமும் எதிர்எடை தொங்குகிறது, மேலே சக்கரத்தில் கயிறு ஓடுகிறது. பக்கத்தில் நின்ற என் மகன், "அப்பா, நம்ம வீட்டுக் கப்பி" என்றான். ஆமாம், அதேதான்.

சரி, மணல் மூட்டை விஷயம். தம்பி, போன வாரம் ஏழு வந்துவிட்டது, திடீரென்று வலு கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். வெளியே கட்டிய மூட்டை நனைந்திருக்கிறதா என்று கேட்டேன், தூக்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாய். தராசில் வைத்தால் 23 கிலோ. மனசு உடைய வேண்டாம், யோசனை சொன்ன நான்தான் இதை நினைத்திருக்க வேண்டும். மணலை விட்டுவிடு. 20 லிட்டர் தண்ணீர் கேன் எடு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கேனில் கோடு போட்டுக்கொண்டால் தராசே தேவையில்லை. நல்ல தண்ணீர் வேண்டாம், நம் ஊரில் குடம் என்ன விலை விற்கிறது என்று உனக்குத் தெரியும். கடல் தண்ணீர் ஊற்று. லிட்டருக்கு 25 கிராம் மாதிரிதான் கூடுதல், 20 லிட்டருக்கு அரை கிலோ. 18-ல் தொடங்கு. மூன்று செட்டும் ஐந்து முழுசாக வந்தால் ஒரு லிட்டர் கொட்டு.

ஏப்ரல் 16

மீன்பிடித் தடைக்காலம் நேற்றுத் தொடங்கியது, ஜூன் 14 வரை. விசைப்படகுதான் நிற்கிறது, உனக்குக் கரைவலை இழுவை இருக்கும், ஆனாலும் அப்பாவின் விசைப்படகு வேலையும் சேர்ந்து குறைவதால் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும் என்கிறாய். நல்லது. இந்த 61 நாளைப் பயன்படுத்திக்கொள்.

சாப்பாடு. உடற்பயிற்சி செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். உனக்கு 109 கிராம். டப்பாப் பவுடர் வாங்க வேண்டியதில்லை. கால் கிலோ சூடை அல்லது சாளை மீன், முள்ளும் தலையும் போக, 30 கிராமுக்கு மேல் தரும். முட்டை ஒன்றுக்கு 6. நூறு கிராம் நிலக்கடலையில் 25, கொண்டைக்கடலை காய்ந்த எடையில் 20. தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது கடலையும் முட்டையும் கைகொடுக்கும். கருவாட்டிலும் புரதம் நிறைய, ஆனால் உப்பு அதிகம், தினமும் வேண்டாம்.

எடையைக் குறைத்தால் சீக்கிரம் வருமா என்றும் கேட்டாய். 68-ல் வயிறு தள்ளியிருந்தால் இரண்டு மூன்று கிலோ குறைவது நல்ல உதவி. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தால் குறைக்க எதுவும் இல்லை. பட்டினி போடாதே.

மே 11

தம்பியின் தங்கை எழுதியிருக்கிறார், காவலர் தேர்வுக்குப் படிக்கிறார். பெண்களுக்குப் புல்-அப் வராது என்று ஒருவர் சொன்னாராம். வரும் அம்மா. பெண்களுக்கு மேலுடம்புத் தசையின் அளவு பொதுவாகக் குறைவு, அதனால் நாள் கூடுதலாகும், வழி அதேதான். காவலர் உடல்திறன் தேர்வில் கயிறு ஏறுவது ஆண்களுக்குத்தான்: 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு. உங்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல், ஓட்டம். தேர்வுக்குத் தேவையில்லை என்று தெரிந்தும் "எனக்கு ஒன்று அடித்துப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது.

என் அம்மா தீவைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையைப் பிடித்தபடி, மூச்சை அடக்கி, ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் தண்ணீரில். அந்தக் கைகளுக்குப் பிடிவலு இல்லை என்று யாராவது என்னிடம் சொல்லட்டும்.

ஜூன் 1

கேன் ஐந்து லிட்டரில் மூன்று வாரமாக நிற்கிறது, நகரவில்லை. சலிப்பு தெரிகிறது, எனக்குப் புரிகிறது. கடைசி ஐந்து கிலோ முதல் பத்தைவிடக் கஷ்டம்.

நேற்று அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். முதல் இரண்டும் அருமை. மூன்றாவதிலிருந்து கால் ஆடத் தொடங்குகிறது, தோள் மறுபடி காதுக்குப் போய்விடுகிறது. பிப்ரவரியில் செய்த தோள் பயிற்சியை எப்போது விட்டாய்? ஏப்ரலில் என்று நினைக்கிறேன், கேன் வந்ததும். அதைத் திரும்பக் கொண்டுவா, ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் எட்டுத் தடவை. ஐந்து ஐந்தாக மூன்று செட்டை விட்டுவிட்டு, இரண்டு இரண்டாக எட்டு செட் செய். மொத்தம் ஒன்றுதான் கூடுகிறது, ஆனால் ஒவ்வொன்றும் சுத்தமாக இருக்கும். எட்டு நாள் கழித்து நான்கு முழு நாள் கம்பியைத் தொடாதே.

அப்புறம் மதிப்பெண் கேட்டாய். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் பீம் 10 எடுத்தால் 40, 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. ஆறுக்குக் கீழே இல்லை. கை முழுசாக நீண்ட நிலையிலிருந்து தாடை கம்பியைத் தாண்டினால்தான் ஒன்று. உடம்பை வீசி எண்ணிக்கை ஏற்றுகிற பழக்கம் வேண்டாம், அங்கே எண்ண மாட்டார்கள்.

ஜூன் 15

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. கச்சான் காற்று பலம்தான், இருந்தாலும் கரை முழுக்க ஐஸ் பெட்டியும் டீசல் கேனுமாக ஒரே சத்தம்.

காலை 6.10-க்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது. பின்னால் யாரோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கேன் ஓரமாகத் தரையில் இருக்கிறது, கயிறு கழற்றிச் சுற்றி வைத்திருக்கிறது. தம்பி கம்பியைப் பிடிக்கிறான், ஒரு மூச்சு, தோள் காதிலிருந்து இறங்குகிறது, அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் ஒரு நொடி நிற்கிறது. முழங்கை விலாவுக்கு வருகிறது. தாடை மேலே. அப்புறம் அப்படியே விழாமல், நாங்கள் சொல்லிக்கொண்ட மாதிரி, ஐந்து எண்ணி இறங்கினான்.

வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்.

ஜூலை 6

இப்போது ஒன்றிலிருந்து ஆறுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். மூன்று வருகிறது என்றால் ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் போகாதே. காலையில் இரண்டு, மதியம் இரண்டு, வலை காயப்போட்டுவிட்டு வரும்போது இரண்டு. வாரத்தில் நான்கு நாள். முழங்கையில் அந்தப் புள்ளியை வாரம் ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்.

கப்பியைக் கழற்றிவிடாதே. தங்கைக்கு 20 லிட்டர் கேன் போதவில்லையாம், பக்கத்தில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறாராம். முடிச்சை நீ ஒரு தடவை பார்த்துவிடு.